காரைக்குடியில் பார்த்த சன்லைட் சோப் எனாமல் பலகை: அசல்தானா?

வழிப்போக்கன்:
வணக்கம். சென்ற வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில், இரண்டடி அகலமுள்ள 'சன்லைட் சோப்' எனாமல் விளம்பரப் பலகையைப் பார்த்தேன். மஞ்சள் பின்புலத்தில் நீல எழுத்துகள்; நான்கு மூலைகளிலும் துரு. சுதந்திரத்துக்கு முந்தியது என்று கடைக்காரர் அடித்துச் சொல்லி, 18,000 ரூபாய் விலை கூறினார். சன்லைட் சோப் 1888-லேயே கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது என்பதால், அவர் சொல்லும் காலம் நடக்கக்கூடாதது அன்று. ஆனால் பலகை அந்தக் காலத்தையதுதானா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? கைப்பேசியில் எடுத்த படத்தை இணைத்துள்ளேன்.

தகரப்பெட்டி:
துருவை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். அமிலமும் உப்புநீரும் இருந்தால் சில நாள்களிலேயே துருவை வரவழைத்துவிடலாம். கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிப் படியவைப்பதுதான் எனாமல். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே பூசிச் சுட்டிருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் ஒரு நிறம் முடிந்து மறுநிறம் தொடங்கும் இடம் மெல்லிய படிபோலத் தட்டுப்படும். இப்போது வரும் போலிகளில் பெரும்பாலானவை மெல்லிய தகட்டில் அச்சிட்டவை; அவற்றில் விரல் வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்து, ஆணி அடிக்கும் துளைகளைப் பாருங்கள். அசல் பலகையில் துளையிட்ட பிறகே சூளையில் வைப்பார்கள் என்பதால், துளையின் உள்விளிம்பு வரை பூச்சு இறங்கியிருக்கும். பூச்சுக்குப் பின் துளையிட்டிருந்தால் விளிம்பில் வெற்று இரும்பு பளிச்சிடும். பலகையைத் திருப்பிப் பார்க்கவும் தயங்க வேண்டாம். பின்பக்கத்திலும் கறுப்பாகவோ கருநீலமாகவோ அடிப்பூச்சு சுடப்பட்டிருக்க வேண்டும்.

ஐகாரக்கொம்பு:
மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் இந்தப் பலகைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. படத்திலுள்ள 'லை'யைப் பாருங்கள். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் வரை ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் தும்பிக்கைபோல் மேலெழுந்து வளையும் கொம்புடனேயே பொதுவாக எழுதப்பட்டன. உங்கள் பலகையில் இருப்பதோ இன்று நாம் எழுதும் 'லை'. பெரியாரின் 'குடி அரசு' 1935-லேயே சீர்திருத்த வடிவங்களைக் கையாண்டது உண்மைதான். அதற்காக ஒரு சோப் விளம்பரமும் அப்போதே அதைப் பின்பற்றியிருக்கும் என்று நம்ப என் மனம் இடங்கொடுக்கவில்லை.

நாலணா:
ஐகாரக்கொம்பு சொல்வதை ஒருவழிச் சோதனையாகவே கொள்ள வேண்டும். பழைய பழக்கத்தில் 1978-க்குப் பிறகும் தும்பிக்கை 'லை' எழுதிய ஓவியர்கள் இருந்தார்கள். விவரம் தெரிந்த போலிக்காரரும் அதை எழுதிவிடுவார். விலை அச்சிட்ட பலகையாக இருந்தால் அதையும் கவனியுங்கள்: அணாக் கணக்கு என்றால் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம், 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், 1972-க்கு முந்தியது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வழிப்போக்கன்:
அனைவருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் சென்று பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் பெயின்ட். நகத்தால் சுரண்டியதும் உரிந்தது. துளை விளிம்பு புதுக் கத்திபோல் மின்னியது. 'லை'யைப் பற்றிச் சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டு 2,500-க்கு இறங்கினார். வேண்டாம் என்றேன். புறப்படும்போது, சுவரோரம் பழைய கதவு நிலைகளுக்குப் பின்னால் 'பர்மா ஷெல்' என்ற எண்ணெய் நிறுவனத்தின் பலகை ஒன்று கிடப்பதைக் கண்டேன். ஒரு மூலை நெளிந்து, பூச்சு சிப்பி சிப்பியாகத் தெறித்திருந்தது. ஆனால் தூக்கினால் நல்ல கனம். எழுத்தின் விளிம்பு விரலில் தட்டுப்பட்டது. துளைக்குள்ளும் பூச்சு இருந்தது. அந்த நிறுவனம் இந்தியாவில் 1928 முதல் 1976-இல் அரசுடைமையாகும் வரை இயங்கியது என்பதால், பலகையின் கால எல்லையும் தெளிவாகிறது. அழுக்காக இருக்கிறது என்று அவரே 6,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். தெறித்த இடங்களில் உள்ள துருவை நீக்கி வண்ணம் பூசலாமா?

தகரப்பெட்டி:
வண்ணம் பூசாதீர்கள், பூசினால் அசல் பலகையும் பார்ப்பவருக்குப் போலியாகவே தோன்றும். அமிலம் கலந்த கழுவுநீர், இரும்பு நார் இரண்டையும் அருகில் கொண்டுவராதீர்கள். மிதமான சோப்பு நீரில் மென்துணியை நனைத்துத் துடைத்து, ஈரம் துளியும் தங்காமல் உடனே உலர்த்தி, தெறித்த இடங்களில் மெழுகை மெல்லியதாகத் தேய்த்துவிடுங்கள். நெளிந்த மூலையைச் சுத்தியால் நிமிர்த்த முயலவே வேண்டாம். ஒரு தட்டுக்கு உள்ளங்கை அகலம் பூச்சு கொட்டிவிடும். சுவரில் மாட்டும்போது ஆணித் தலைக்கும் பலகைக்கும் நடுவே தோல் வளையம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.