அருஸுக்கு 16 அங்குல ரிம் போடலாமா?

வணக்கம் அண்ணன்மாரே. சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வண்டி பெரோடுவா அருஸ். தினமும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில்தான் ஓட்டம். மழை பிடித்தால் லோரித் தடம் குளமாகிவிடும். போன வாரம் அப்படியொரு பள்ளத்தில் விழுந்து ஒரு ரிம் கோணிவிட்டது. டயர்களும் தேய்ந்து கோட்டு ஆழம் 2 மில்லிமீட்டர்தான் இருக்கிறது.

இப்போது இருப்பது 215/60 ஆர்17, அதாவது டயர் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 60 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். 215/65 ஆர்16-க்கு இறங்கினால் மொத்த விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர்தான் குறைகிறது, வேகமானி பெரிதாகப் பொய் சொல்லாது. பக்கச்சுவரோ 129-இலிருந்து 140 மில்லிமீட்டர் ஆகும். பள்ளத்து அடியை வாங்குவது அதுதானே. விலையும் குறையும் என்று நினைக்கிறேன்.

ஆனால் 16 அங்குல ரிம் முன் பிரேக்கில் இடிக்குமா? போட்டவர்கள் சொல்லுங்கள். பழைய ரிம் வாங்கினால் விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது? 5 துளை, துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர் வேண்டும்.

அப்புறம், சேற்றுக்கென்று முரட்டு டயர் போட்டால் ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்குமா? வாரம் ஒருமுறை குடும்பத்தோடு ஈப்போ போகிறேன்.

கையில் 1,500 வெள்ளி. ஒரு கடையில் 'புதுசு' என்று காட்டிய டயரில் 1820 என்று இருந்தது, அதாவது 2020-இன் 18ஆவது வாரம்! சரி என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.