"பேட்ச் போட்டிருந்தா நாட்பெட்யாவும் புஸ்ஸாமே?" இதை எழுதினவர் பதில் சொல்லட்டும்

இரும்புக்கதவு:
"வான்னாகிரைதான் எல்லாத்தையும் விட ஆபத்து. நாட்பெட்யா அதோட நகல். ரெண்டும் ஒரே ஓட்டை, பேட்ச் போட்டிருந்தா ரெண்டும் புஸ்." பேட்ச்மன்னன் நேத்து இப்படி எழுதியிருக்கார், அதுக்கு ஆளாளுக்குத் தலையாட்டியிருக்கீங்க. பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல. புதுசா வர்றவங்களுக்கு: ரெண்டும் 2017-ல விண்டோஸ் கம்ப்யூட்டர்கள்ல பரவின கெட்ட நிரல்கள், பேட்ச்னா ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் விடற அப்டேட்.

பேட்ச் போட்ட மெஷின்லயும் நாட்பெட்யா பாஞ்சுது. நெட்வொர்க்ல அதுக்கு ஒரே ஒரு மெஷின் கிடைச்சா போதும். உள்ள வந்ததும் லாகினைக் கவனிக்கிற விண்டோஸ் ப்ராசஸான எல்சாஸோட மெமரியைத் துழாவி, அந்த மெஷின்ல லாகின் பண்ணியிருக்கிறவங்க பாஸ்வேர்டை உருவும். அதை வச்சு பக்கத்து மெஷினோட அட்மின் ஷேர்ல தன்னைக் காப்பி பண்ணும். அப்புறம் தூரத்து மெஷின்ல கட்டளை ஓட்டற டூலான பிஎஸ்எக்ஸெக், இல்லன்னா டபிள்யூஎம்ஐ வழியா, விண்டோஸோட சொந்த புரோகிராமான ரண்டிஎல்எல்32-ஐக் கூப்பிட்டு ஓட வைக்கும். அட்மின் தினமும் செய்யற வேலைதான் இது. இதுல பேட்ச் எந்த ஓட்டையை அடைக்கும்?

பேட்ச்மன்னன்:
வந்துட்டார் பேராசிரியர். அந்த ஓட்டையை அடைக்கிற எம்எஸ்17-010 பேட்ச் வந்தது 2017 மார்ச் 14. வான்னாகிரை வந்தது மே 12. நாட்பெட்யா ஜூன் 27. மூணரை மாசம் சும்மா இருந்தவனுக்கு வக்காலத்து வாங்காதீங்க.

வான்னாகிரைக்குப் பாஸ்வேர்டே வேண்டாம். பேட்ச் போடாத மெஷின்ல ஃபைல் பகிர்ற 445 போர்ட் திறந்திருந்து, அதுக்கான பழைய முறையான எஸ்எம்பி1-ம் ஓடினா போதும், யாரும் எதையும் க்ளிக் பண்ணாமலே உள்ள வரும். 150 நாடு, 2 லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டர். இங்கிலாந்துல 236 அரசு ஆஸ்பத்திரி டிரஸ்ட்ல 81-க்குப் பாதிப்பு, ஏறக்குறைய 19,000 அப்பாயின்ட்மென்ட் ரத்து. ஆம்புலன்ஸை வேற ஊருக்குத் திருப்பிவிட்டாங்க. உங்களுக்கு ஆஸ்பத்திரியை விட, நாட்பெட்யால மாட்டின மேர்ஸ்க் கப்பல் கம்பெனி பெருசாத் தெரியுது.

கரிசல்மண்:
இருவருக்கும் ஒரு திருத்தம். நாட்பெட்யா பணயத் தீநிரலே (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர்) அன்று, மீட்க முடியாமல் அழிக்கும் அழிப்பான். திரையில் காட்டிய 'நிறுவல் எண்' வெறும் தற்போக்கு எழுத்துகள். அதை வைத்து எவராலும் திறவுகோலை மீட்க முடியாது. பணம் கட்டியவர் தொடர்புகொள்ள வேண்டிய அஞ்சல் முகவரியையும் அன்றைக்கே முடக்கிவிட்டார்கள். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துவிட்டுப் பேசுங்கள்.

பேட்ச்மன்னன்:
அழிப்பானோ பென்சிலோ, பேட்ச் போட்டிருந்தா வந்திருக்காது.

இரும்புக்கதவு:
வந்திருக்கும்! அது முதல்ல எப்படி உள்ள வந்துதுன்னு தெரியுமா? உக்ரைன்ல வரிக்கணக்கு போடற எம்.ஈ.டாக் சாஃப்ட்வேரோட அப்டேட் வழியா. ஏப்ரல் 14, மே 15, ஜூன் 22 தேதியிட்ட அப்டேட்கள்லயே பின்வாசல் கோடு இருந்துது. அந்தக் கம்பெனி சர்வர்லேர்ந்தே வந்த அப்டேட். அதை ஒழுங்காப் போட்டவன்தான் மாட்டினான். உங்க மார்ச் 14 அவனை எப்படிக் காப்பாத்தும்?

மேர்ஸ்க்ல 4,000 சர்வர், 45,000 பிசி எல்லாத்தையும் பத்து நாள்ல திரும்ப இன்ஸ்டால் பண்ணினாங்க. டொமைன் கன்ட்ரோலர் (ஆபீஸ் நெட்வொர்க்ல எல்லாரோட லாகினையும் சரிபார்க்கிற சர்வர்) எல்லாம் ஒண்ணுக்கொண்ணு காப்பியாத்தானே இருக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு. எல்லாம் ஒரே நேரத்துல போச்சு. கானா ஆபீஸ்ல கரண்ட் போனதால ஆஃப் ஆகிக் கிடந்த ஒண்ணு மட்டும் பொழைச்சுது. நம்ம மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல அவங்க டெர்மினலும் நின்னுபோச்சு. மொத்த நஷ்டம் 1,000 கோடி டாலர்னு அமெரிக்க அரசு கணக்கு. வான்னாகிரைக்காவது ஒரு டொமைன் பெயரை, அதாவது வெப்சைட் முகவரியை, பதிவு பண்ணினதும் அடங்குச்சு. இதுக்கு என்ன இருந்துது?

சுருள்வாள்:
அந்த டொமைன் விஷயத்துல நடந்த கூத்தையும் சேர்த்துச் சொல்லுங்கண்ணா. அந்த முகவரிக்குப் பதில் கிடைச்சா வான்னாகிரை தானா நின்னுடும். பல இடத்துல அட்மின்களே "கெட்ட டொமைன்"னு ஃபயர்வால்ல ப்ளாக் பண்ணினாங்க. பதில் வரல, அது பாட்டுக்கு ஓடுச்சு. ப்ராக்ஸிங்கற இடைத்தரகு சர்வர் வழியா மட்டும் வெளிய போற நெட்வொர்க்லயும் இதே கதைதான், அதுக்கு ப்ராக்ஸி தெரியாது.

பேட்ச்மன்னன்:
ஃபயர்வால் பத்தி நீங்க பேசாதீங்க தம்பி. எஸ்எம்பி1-ஐ நிறுத்தினா பழைய ஜெராக்ஸ் மெஷின்லேர்ந்து ஸ்கேன் ஃபோல்டருக்கு வராதுன்னு போன விவாதத்துல நாலு நாள் அழுதது நீங்கதானே?

சுருள்வாள்:
வராதுதான்! அதுக்குத் தனி விலேன் (பிரிச்சு வச்ச நெட்வொர்க்) போடணும்னு சொன்னேன். படிக்காம அன்னைக்கும் கத்தினீங்க, இன்னைக்கும் கத்தறீங்க.

நெய்தல்கரை:
ரெண்டையும் விட்டுட்டுப் பணத்தைப் பாருங்க. எஃப்பிஐ-க்கு 2023-ல வந்த புகார்கள்ல ரேன்சம்வேர் நஷ்டம் 6 கோடி டாலருக்குக் கொஞ்சம் கம்மி. கம்பெனி மெயிலுக்குள்ள புகுந்து "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு"ன்னு இன்வாய்ஸ் அனுப்பற மோசடில 290 கோடி. மெயில் பாக்ஸ்ல ஒரு ஃபார்வர்டு ரூல் போட்டுட்டு மாசக்கணக்கா உக்காந்து படிக்கறான். பேட்சும் வேண்டாம், எல்சாஸும் வேண்டாம். அக்கவுன்ட் மாத்தச் சொன்னா, அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்லாம பழைய நம்பருக்குப் போன் பண்ணிக் கேட்கணும். அவ்வளவுதான் வைத்தியம்.

இரும்புக்கதவு:
அது வேற இழைல பேசுங்க. இங்க கேள்வி ஒண்ணுதான்: பேட்ச் போட்ட மெஷின் எப்படி மாட்டுச்சு?

பேட்ச்மன்னன்:
மொத்த நெட்வொர்க்கையும் ஆளற டொமைன் அட்மின் அக்கவுன்ட்டை வச்சுக் கண்ட பிசியிலயும் லாகின் பண்ணினதால மாட்டுச்சு. அது அட்மின் பண்ண தப்பு, பேட்சோட தப்பு இல்ல.

இரும்புக்கதவு:
அப்பாடா! அப்போ பேட்ச் மட்டும் போதாதுன்னு உங்க வாயாலயே வந்துடுச்சு. செய்ய வேண்டியது இதுதான். டொமைன் அட்மின் அக்கவுன்ட் டொமைன் கன்ட்ரோலரைத் தவிர வேற எங்கயும் லாகின் ஆகக் கூடாதுன்னு குரூப் பாலிசில (எல்லா பிசிக்கும் ஒரே இடத்துலேர்ந்து விதி போடற வசதி) தடை போடணும். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு எல்லா பிசிலயும் ஒண்ணா இருக்கக் கூடாது, லாப்ஸ்ங்கற மைக்ரோசாஃப்ட் டூலைப் போட்டா மெஷினுக்கு ஒண்ணுன்னு அதுவே மாத்திக்கும். பிசிக்கும் பிசிக்கும் நடுவுல 445, 135 ரெண்டு போர்ட்டையும் விண்டோஸ் ஃபயர்வால்லயே மூடணும், ஒரு பிசி இன்னொரு பிசியோட பேச வேண்டிய அவசியமே கிடையாது. பேக்கப்ல ஒரு காப்பி டொமைன்ல, அதாவது இந்த ஆபீஸ் லாகின் நெட்வொர்க்ல, சேராத இடத்துல இருக்கணும்.

இன்னொண்ணு. நாட்பெட்யா ரீபூட் ஆகி, சி டிரைவை ரிப்பேர் பண்றேன்னு செக்டிஸ்க் மாதிரி ஒரு கறுப்பு ஸ்க்ரீன் காட்டும். அது பொய். அந்த நிமிஷம், எந்த ஃபைல் எங்க இருக்குன்னு குறிச்சு வச்சிருக்கிற ஃபைல் டேபிள் என்கிரிப்ட் ஆகிட்டிருக்கு. உடனே பிளக்கைப் பிடுங்கி, டிஸ்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினா கொஞ்சமாவது மிஞ்சும். "ரிப்பேர்தானே, முடியட்டும்"னு பார்த்துட்டே இருந்தவனுக்கு எல்லாம் போச்சு.

"பேட்ச் போட்டிருந்தா ரெண்டும் புஸ்"ங்கற வரியை அழிங்க.

கரிசல்மண்:
அழிப்பான் என்று நான் சொன்னதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பேட்ச்மன்னன்:
அழிக்க மாட்டேன். பேட்ச் வந்த தேதி மார்ச் 14. அடிச்ச தேதி ஜூன் 27. நடுவுல எத்தனை நாள்னு எண்ணிட்டு வாங்க.

இரும்புக்கதவு:
105 நாள். எண்ணிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க, எல்சாஸ்லேர்ந்து பாஸ்வேர்டை உருவறதை அந்த பேட்ச் எப்படித் தடுக்கும்?