ட்ரைகோன் கிட்டாருக்குச் சாமந்திப்பூ எதற்கு?

கம்பிமீட்டி:
ரெசனேட்டர் கிட்டார் (உள்ளே மெல்லிய உலோகக் கோன், அதாவது கூம்பு, அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும் கிட்டார்) வாங்கப் பணம் சேர்த்தாயிற்று. மூன்று கோன் வைத்த ட்ரைகோன்தான் என்பதும் முடிவாகிவிட்டது. வழுவழு உடம்பா, பூ செதுக்கிய உடம்பா என்பதில்தான் நண்பர்களோடு தகராறு. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: பூ வேலை வீண் செலவு. இந்தக் கிட்டார்களைச் செய்த அமெரிக்க நேஷனல் கம்பெனியின் பழைய விலைகளையே பாருங்கள். ஒன்றும் செதுக்காத ஸ்டைல் 1 விலை 125 டாலர். உடம்பு முழுக்கச் சாமந்திப்பூ செதுக்கிய ஸ்டைல் 4 விலை 195 டாலர். இரண்டிலும் அதே ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) தகடு, அதே ஆறு அங்குல அலுமினியக் கோன்கள், அவற்றை இணைத்துக் கம்பிகளைத் தாங்கும் அதே ‘டி’ வடிவப் பாலம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. அந்த 70 டாலரும் பகட்டுக்குப் போன பணம்.

ஸ்லைடு செல்வி:
சார், பூவால் சத்தம் அதிகமாகாது என்பது சரி. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்த வாத்தியம் எதற்காக வந்தது? ஜார்ஜ் பீச்சம் பாட்டும் ஆட்டமும் வேடிக்கையும் கலந்த வாட்வில் மேடைகளில் கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிமேல் இரும்பை வழுக்கி ஹவாய் பாணியில் வாசித்தவர். மற்ற வாத்தியங்களுக்கு நடுவே அவருடைய கிட்டார் எடுபடவில்லை. மின்சாரக் கிட்டார் அப்போது கிடையாது. சத்தமான கிட்டார் வேண்டும் என்று ஜான் டோபியேராவிடம் போனார். ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறி லாஸ் ஏஞ்சலஸில் வாத்தியம் செய்துகொண்டிருந்தவர் அவர். 1927-இல் ட்ரைகோன் வந்தது இப்படித்தான். மேடைக்காகவே பிறந்த வாத்தியம். மேடையில் நிற்பவரின் வாசிப்பு ரசிகர் காதில் விழுந்தால் மட்டும் போதுமா? அவர் ரசிகர் கண்ணிலும் பட வேண்டாமா? காட்டு ரோஜா, லில்லி, சாமந்தி என்று ஸ்டைலுக்கு ஸ்டைல் படிப்படியாக ஏறிய அந்தப் பூ வரிசை, ஒலியைப் போலவே மேடைத் தேவையிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கரிசல்:
மேடை மேடை என்கிறீர்கள். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையை வாசித்தவர்களில் பலருக்கு மேடை என்பது கடைத்தெருவும் சனிக்கிழமை இரவு நடனக் கொட்டகையும்தான். 1930-இல் நேஷனல் கொண்டுவந்த டுயோலியன் விலை 32.50 டாலர். ஒரு ஸ்டைல் 4 வாங்கும் காசில் ஆறு டுயோலியன் வாங்கலாம்! எஃகு உடம்பு, ஒரே கோன், மேலே சொரசொரப்பான பெயிண்ட். ஒரு பூ கிடையாது, ஒரு இலை கிடையாது. ப்ளூஸ் பாடகர் புக்கா வைட் கையில் அந்தக் கிட்டார் அதிர்ந்ததைக் கேட்டிருக்கிறீர்களா? பொருளாதாரப் பெருமந்த காலத்தில் கறுப்பின உழைப்பாளி கைக்கு எட்டியது அதுதான். ரெசனேட்டர் என்றதும் நம் காதில் ஒலிப்பதே அந்த ஒலிதான். கம்பிமீட்டி சொல்வதுதான் நியாயம்.

ஸ்லைடு செல்வி:
டுயோலியன் எனக்கும் உயிர், அண்ணா. ஆனால் ப்ளூஸ் என்றாலே பூ இல்லாத கிட்டார் என்று எழுதினால் டாம்பா ரெட்டை எங்கே வைப்பது? 1928-லேயே சிகாகோவில் ட்ரைகோனில் ப்ளூஸ் பதிவு செய்தவர். அவருடையது தங்க முலாம் பூசிய ஸ்டைல் 4. ‘தங்கக் கிட்டார்க்காரர்’ என்றே பெயர் வாங்கியவர். அந்த அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் கலைஞர் பட்டியலிலேயே விலை கூடிய கிட்டாருக்குத் தங்கமும் பூசி ஏந்தி நின்றார். அதைப் பகட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் அதைத் தன் மரியாதையாக ஏந்தியிருக்கிறார்.

கம்பிமீட்டி:
டாம்பா ரெட் விஷயம் சரி, ஏற்கிறேன். அது அவர் தேர்வு. ஆனால் மேடை வாதம் இடிக்கிறதே அம்மா. ஹவாய் பாணியில் கிட்டார் மடியில் மல்லாந்து கிடக்கும். மேல்பக்கம் கூரையைப் பார்க்கும், பின்பக்கம் தொடைமேல் இருக்கும். ஸ்டைல் 4-இல் பின்பக்கம் முழுக்கவும் சாமந்தி செதுக்கியிருக்கிறார்கள். எந்த ரசிகர் அதைப் பார்த்தார்?

பட்டறை மணி:
நல்ல கேள்வி. மடியில் வைத்தால் சபைக்குத் தெரிவது பக்கவாட்டுத் தகடு. அதிலும் கொடியும் பூவும் உண்டு, கவனியுங்கள். பின்பக்கத்துப் பூ கிட்டாரின் சொந்தக்காரருக்கு. பெட்டியைத் திறக்கும்போது, துடைக்கும்போது அவர் பார்ப்பார். அது போதாதா?

நான் உலோக வேலை செய்பவன், அதனால் வேறொன்றும் சொல்கிறேன். பழைய நேஷனலில் ஒரு இதழைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கோடு நேர்க்கோடாக இருக்காது, பொடிப்பொடி வளைவாக நெளிந்து நெளிந்து போகும். தட்டை முனை உளியைத் தள்ளும்போதே மணிக்கட்டை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போனால் விழும் கோடு அது. ஒவ்வொரு நெளிவும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் திருப்பும். அதனால்தான் கிட்டாரைக் கொஞ்சம் சாய்த்தாலும் பூ மினுங்கி அசைவது போலத் தெரிகிறது. கை ஒரு நொடி தயங்கினால் நெளிவின் இடைவெளி மாறிவிடும், அழிக்கவும் முடியாது. இந்த நகாசு வேலையையும், ரப்பர் ஸ்டென்சில் ஒட்டி மணல் பீய்ச்சி எடுத்த, நேஷனலின் இன்னொரு மாடலான ஸ்டைல் ஓ கிட்டாரின் படங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 70 டாலர் கைக்கூலி என்று நான் சொல்வேன், பகட்டுக் காசு என்று சொல்ல மாட்டேன்.

கரிசல்:
ஸ்டைல் ஓ பேச்சை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. பித்தளையிலும் எஃகிலும் செய்து நிக்கல் முலாம் பூசிய அந்த உடம்பில் என்ன படம்? தென்னை மரம், நீர்நிலை, தோணி. ஹவாய் ராணி லிலியுகலானியின் ஆட்சியை 1893-இல் கவிழ்த்து, 1898-இல் தீவுகளை அமெரிக்கா இணைத்துக்கொண்டது. அப்புறம் அதே தீவுகளைச் சுற்றுலாப் படமாக்கிக் கிட்டாரில் விற்றார்கள். 1930-களின் பிற்பகுதியில் வந்த ஸ்டைல் 97-இல் அலைச்சறுக்கும் பெண்ணைக் கலரிலேயே போட்டார்கள். கம்பிமேல் இரும்பை வழுக்கும் முறையைப் பரப்பிய ஜோசப் கெகுகு ஹவாய்க்காரர். ட்ரைகோனைப் புகழ்பெறச் செய்த சோல் ஹோபியியும் ஹவாய்க்காரர். அவர்கள் நாட்டை அலங்காரப் பொருளாக்கியது எனக்கு உறுத்துகிறது. பூவைப் பற்றி எனக்கு இவ்வளவு கோபம் இல்லை.

ஸ்லைடு செல்வி:
இதில் உங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். 1985-இல் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் ராக் குழுவின் ஆல்பம் அட்டையில், அதன் கிட்டார்க்காரர் மார்க் நாஃப்லரின் 1937 ஸ்டைல் ஓ வந்ததிலிருந்து ரெசனேட்டர் என்றாலே பலருக்குத் தென்னை மரம்தான் ஞாபகம் வருகிறது. அந்தத் தென்னை யார் நாட்டுத் தென்னை என்று கேட்பவர் குறைவு. ஆனால் இதை வைத்துச் சாமந்தியையும் சேர்த்துத் தள்ளாதீர்கள். சாமந்தி யாருடைய நாட்டையும் விற்கவில்லை.

கம்பிமீட்டி:
மணி சார் சொன்ன பிறகு பெரிதாக்கிய படங்களை எடுத்துப் பார்த்தேன், நெளிவுக் கோடு நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் என் பட்ஜெட்டில் கூடுதல் காசு இருந்தால் அது நல்ல கோனுக்கும், பாலமும் கம்பியும் சரியாக உட்காரச் செய்யும் செட்டப்புக்கும்தான் போகும். பாலம் சரியாக உட்காராத கிட்டாரில் கோன் கிரீச்சிட்டால் எந்தப் பூ வந்து காப்பாற்றும்? வழுவழு ஸ்டைல் 1 மாதிரிதான் வாங்குகிறேன்.

பட்டறை மணி:
தாராளமாக. முதல் செலவு செட்டப்புக்குத்தான், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழைய, பூ செதுக்கிய நேஷனல் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். மங்கியிருக்கிறது என்று பஃபிங் சக்கரத்தில் (மெருகேற்றும் இயந்திரத்தில்) கொடுத்துவிடாதீர்கள். நிக்கல் முலாமும் போகும், நெளிவுக் கோடுகளின் கூர் விளிம்பும் உருண்டுபோகும். அப்புறம் எப்படிச் சாய்த்தாலும் பூ மினுங்காது. அப்படிப் போன ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது. வாசித்து முடித்ததும் மெல்லிய பருத்தித் துணியால் வியர்வையைத் துடையுங்கள். வேறெதுவும் வேண்டாம்.