மறுமொழி: ‘ஜீரோ டிரஸ்ட்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

ஒரு நூற்பாலையின் ஊழியர் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஜீரோ டிரஸ்ட்’ என்ற கணினிப் பாதுகாப்பு முறைக்குச் ‘சுழிய நம்பிக்கை’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த மேற்பார்வையாளர், “நிர்வாகம் எங்களைத் துளியும் நம்பவில்லை என்று அச்சடித்தே கொடுக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டார். வேறு சொல் உண்டா?
– ந., கோவை

நம்பிக்கை என்பதே இங்கே பொருந்தாது அம்மா. ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்பது தொல்காப்பியம். நம்பு என்றால் விருப்பம். அப்படிப் பார்த்தால் சுழிய நம்பிக்கை துறவறம் ஆகிவிடும்! பழஞ்சொல் ‘தேறுதல்’. ‘தேறற்க யாரையும் தேராது’ (ஆராயாமல் யாரையும் நம்பாதே) என்று 509ஆம் குறளில் வள்ளுவர் இதைச் சொல்லி முடித்தாயிற்று. ‘தேறாமை’ என்று இடுக.
– புலவர் தி., கும்பகோணம்

புலவர் ஐயா, ‘தேறாமை’ என்று கரும்பலகையில் எழுதினால் என் பாலிடெக்னிக் மாணவர்கள் அரியர் என்றுதான் படிப்பார்கள். அடுத்த குறளையும் பாருங்கள்: ‘தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’. தெளிந்தபின் ஐயப்படாதே என்கிறார் வள்ளுவர். இந்த முறையோ காலையில் உள்ளே விட்டவரை மதியமும் விசாரிக்கச் சொல்கிறது. அவரைச் சாட்சிக்கு அழைப்பது ஆபத்து.
– மு., சேலம்

கணினிப் பிணைய (நெட்வொர்க்) நிர்வாகம் பார்ப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஆங்கிலப் பெயரே கோணல். ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் 2010இல் பரப்பிய பெயர் அது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020இல் வெளியிட்ட 800-207 ஆவணத்தைப் படித்தால் விஷயம் தெளியும்: அலுவலக வலைக்குள் இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்த ஆளையும் கருவியையும் நம்பிவிடக் கூடாது. சந்தேகம் ஆள்மீது அல்ல, இடத்தின்மீது.

வலையின் வாசலில் காவல் நிற்கும் தீயரணை (ஃபயர்வால்) தாண்டிவிட்டால் பிறகு கேள்வி கேட்பாரில்லை என்பதே பழைய ஏற்பாடு. எடைமேடைக் கணினி, கண்காணிப்பு கேமரா, சம்பளப் பட்டியல் சர்வர் எல்லாம் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் கிடக்கும் ஆலைகள் இன்றும் உண்டு. கேமராவின் கடவுச்சொல், பெட்டியில் வந்ததேதான். 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனுக்குள் புகுந்தவர்கள் சுவரேறிக் குதிக்கவில்லை. வெளியிலிருந்து வலைக்குள் வர உதவும் விபிஎன்னில், பயன்பாட்டில் இல்லாத ஒரு கணக்கின் கடவுச்சொல் கிடைத்தது, அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை.

என் பரிந்துரை: ‘நம்பாக் கொள்கை’.
– அ., சென்னை

நம்பாத கொள்கையா, எவரும் நம்பாத கொள்கையா? பெயரெச்சம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

எங்களுக்குச் சுழியம் இல்லை, பூச்சியம். பிணையம் இல்லை, வலையமைப்பு. பிணை என்றதும் நீதிமன்ற வாசல்தான் நினைவுக்கு வருகிறது.
– சி., யாழ்ப்பாணம்

பூச்சியம் வடசொல். இதுபற்றித் தனி மடலில் விரிவாக எழுதுவேன்.
– புலவர் தி.

வேண்டாம் ஐயா, வெள்ளி நெருங்குகிறது! ‘தொடர் சரிபார்ப்பு’ என்று வைப்போமே. வினைத்தொகை, முக்காலமும் உள்ளே அடங்கும். நேற்றும் கேட்டது, இன்றும் கேட்கிறது, நாளையும் கேட்கும். தொழிலாளியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.
– மு.

அது பாதிதான். சரிபார்த்த பிறகும் வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுப்பது மறுபாதி. எடைமேடைக்காரருக்குச் சம்பளப் பட்டியல் எதற்கு? ஆனாலும் எதிர்த்து வாக்களிக்கவில்லை.
– அ.

பூச்சியமும் வேண்டாம், சுழியமும் வேண்டாம் என்றால் எனக்கும் சம்மதம்.
– சி.

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் ‘தொடர் சரிபார்ப்பு’, முதல் வரியில் ஒருமுறை ‘ஜீரோ டிரஸ்ட்’. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.
– ந.

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். சென்னை நண்பர் கேட்ட மறுபாதியும் அதே 509ஆம் குறளில் இருக்கிறது: ‘தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’. எவரிடம் எதை நம்பி விடலாமோ அதை மட்டும் விடு. உங்கள் வினைத்தொகையில் அது எங்கே? இரண்டாம் பதிப்புக்குத் ‘தேறாமை’யை மறுபடி முன்மொழிவேன்.
– புலவர் தி.