ரை பியர்: கலங்கலும் தடிப்பும் பழுதோ?

மாங்குளத்தான்:
கனடாவிலயிருந்து ரை பியர் நாலு போத்தல் வந்திருக்கு. 330 மில்லி, லேபிளில ரை 18 வீதம், அல்ககோல் 5.6 வீதம். ஒண்டு திறந்தாச்சு. கலங்கல், நாக்கில தடிப்பு, விழுங்கினாப்பிறகு மிளகு வாசம். பழுதோ, இல்லாட்டி இதுதான் அதின்ர குணமோ? ரை எண்டால் குரக்கன்தானே? அகராதியில கம்பு எண்டு கிடக்கு.

குளக்கட்டு:
ரெண்டும் இல்லை. அகராதியை விடுங்கோ. கம்பும் குரக்கனும் வெக்கைக்கு விளையிற சிறுதானியம். ரை கோதுமைக்குக் கிட்டின சொந்தம். ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கம் குளிரிலயும் மணல் நிலத்திலயும் நிண்டுபிடிக்கிற பயிர்.

நீங்கள் சொன்ன மூண்டும் பழுதில்லை. ரையில அராபினோசைலன் எண்ட நார்ப்பொருள் கூட. அது தண்ணியை இழுத்துக் கூழ்மாதிரித் தடிக்கப் பண்ணும். பார்லிக்கு இருக்கிற உமியும் ரைக்கு இல்லை, அதால பியருக்கு ஊறவைச்ச தானியத்தை வடிக்கேக்க இறுகி அடைச்சுப்போடும். அதுக்குப் பயந்து பியர் செய்யிற கனபேர் ரையை 10–20 வீதத்தோட நிப்பாட்டுவினம், இல்லாட்டி நெல் உமி கலப்பினம். ஓம், எங்கட மில்லுகளில குவிஞ்சு கிடக்கிற அதே உமிதான், கழுவினது. ஜெர்மன்காரற்ற ரொக்கன்பியரில பாதிக்கு மேலயும் ரை போகும்.

மற்றதை நிமிர்த்தி ஒரு நாள் பிரிட்ஜில வையுங்கோ, வண்டல் அடியில இருக்கும். குடிக்க 10 நிமிசம் முதல் வெளியில எடுங்கோ. 8–10 பாகை காணும். ஐஸ் போட்டால் வாசம் செத்துப்போம். கிளாசில எண்ணைப் பசை இருந்தால் நுரை நிக்காது. சரிச்சு ஊத்தி, கடைசி ஒரு விரல் போத்தலிலேயே விடுங்கோ. முதல் மணம், பிறகு ஒரு மிடறு. விழுங்கினவுடன மூக்கால மூச்சு விடுங்கோ. கறுத்தப் பாண் கரை வாசம் அப்பதான் பிடிபடும்.

ஒட்டுசுட்டான் 7:
கள்ளுக் குடிச்ச நாக்குக்கு ஒரு எச்சரிக்கை. கள்ளில புளிப்பு இயல்பு. இதில லேபிளில 'சவர்' (புளிப்பு பியர்) எண்டு இல்லாமல் புளிச்சால் கிருமி பூந்திட்டுது. திறக்கேக்க நுரை பீறிட்டாலும் அதைத்தான் முதலில சந்தேகிக்கோணும். ஈர மட்டைப்பெட்டி மணம் எண்டால் வெக்கையில கிடந்து பழசாப்போச்சு. பட்டர் மணம் கூடுதலா நொதிப்பு முழுசா முடியாததால வரும். ரொக்கன்பியரில வாழைப்பழம், கராம்பு வாசம் வந்தால் பயப்படாதேங்கோ, அது ஈஸ்ட் தாறது.

மிளகு வாசம் வேற, உறைப்பு வேற. நாக்கு எரிஞ்சால் அது ரையின்ர வேலை இல்லை. முதல் போத்தலோட மிளகாய்த்தூள் போட்ட பொரியல் வேண்டாம். உறைப்பில மற்றச் சுவை மறைஞ்சுபோம். அவிச்ச கடலை நல்லம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவைக்கு ரையும் ஆகாது, குளூட்டன் இருக்கு.

மாங்குளத்தான்:
புளிப்பில்லை, மட்டை மணமும் இல்லை. போத்தல் பச்சை, யன்னலடியில நிக்குது.

ஒட்டுசுட்டான் 7:
உடன எடுங்கோ தம்பி. பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தைச் சரியா மறிக்காது. வெயில் பட்டால் பியருக்குக் கசப்புத் தாற ஹொப் எண்ட பூவின்ர சத்துக் கெட்டு நாத்தமெடுக்கும், பிறகு குளிர வைச்சும் போகாது. பிரிட்ஜில இடமில்லாட்டி ஈரச் சாக்குச் சுத்தி இருட்டறையில வையுங்கோ.