பழைய டிங்கி பொம்மைக் காரில் விரிசல், வெள்ளைப் பொடி: காப்பாற்ற முடியுமா?

வளவுவாசல் (காரைக்குடி):
பள்ளத்தூர் வீட்டு இரண்டாங்கட்டு அலமாரியில் மூன்று டை-காஸ்ட் (உருக்கின உலோகத்தை அச்சில் வார்த்த) பொம்மைக் கார் கிடைச்சிருக்கு. அலமாரி பர்மா தேக்கு, உள்ளே பிளைவுட் தட்டு புதுசா அடிச்சது. கார்கள் நியூஸ்பேப்பரில் சுற்றி, பாச்சை உருண்டையோடு இருந்தன.

முதலாவது டிங்கி கம்பெனியின் பேக்கார்ட் சூப்பர் 8. கூரையிலும் மட்கார்டிலும் மயிரிழை விரிசல், பெயின்ட் கொப்பளிச்சிருக்கு. இரண்டாவது கோர்கி பிராண்ட் கார். அடிப்பக்கம் வெள்ளைப் பொடி, ஜன்னல் பிளாஸ்டிக் பால்போல மங்கி, தொட்டால் பிசுபிசுங்குது. மூன்றாவது ஃபோக்ஸ்வேகன். அடியில் பெயர் இருந்த இடம் சுரண்டின மாதிரி இருக்கு, டயர் கல்லாயிடுச்சு.

பழம்பொருள் கடைக்காரர் ஒருத்தர் விரிசலில் சூப்பர் குளூ ஊற்றி, புளி போட்டுத் துலக்கி, புது பெயின்ட் அடிக்கச் சொல்றார். செய்யலாமா?

அச்சுவார்ப்பு:
எதையும் செய்யாதீங்க தம்பி, புளியை முதலில் தூக்கி உள்ளே வைங்க. குத்துவிளக்கு பித்தளை, அது தாங்கும். இந்தக் கார்கள் 4 சதவீதம் அளவுக்கு அலுமினியம் கலந்த துத்தநாகம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே துத்தநாகத்தைக் கரைக்கும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான், காரத்திலும் அது அரிபடும்.

விரிசலும் வெள்ளைப் பொடியும் இரண்டு வெவ்வேறு நோய். பேக்கார்டைப் பற்றி மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்க:

ஆக்சில் கம்பியின் தடிமன். கேலிப்பர் அளவுகோலில் 1.6 மி.மீ. பக்கம் வந்தால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்பு, 2 மி.மீ. என்றால் பிந்தையது. ஆக்சிலை யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் ஹப்பையும் (சக்கரத்தின் நடு உலோகப் பகுதி) பாருங்க: முந்தையது வழவழன்னு இருக்கும், பிந்தையதில் வளையம் எழும்பியிருக்கும்.

முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், இடது வலது இரண்டு பக்கமும்.

10 மடங்கு லென்ஸில், விரிசல் பெயின்ட்டோடு நிற்குதா, உலோகத்துக்குள் கிளை பிரிஞ்சு போகுதா?

காரை அடித்தகட்டைப் பிடித்துத் தூக்குங்க, கூரையைப் பிடிக்காதீங்க.

வளவுவாசல்:
ஆக்சில் 1.58. ஹப் வழவழ. இடது பக்கம் வலதைவிட 0.8 மி.மீ. நீளம். விரிசல் உள்ளே போகுது, ஓரத்தில் ஒரு துணுக்கு உதிர்ந்து சாம்பல் நிறமாத் தெரியுது.

அச்சுவார்ப்பு:
அப்போ சந்தேகமே இல்லை, ஜிங்க் பெஸ்ட், அதாவது துத்தநாக வார்ப்பு உள்ளிருந்தே அரிச்சு நொறுங்கும் நோய். இதற்கு மருந்து கிடையாது.

காரணம் ஈயம். இந்தக் கலவையில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டினாலே ஆபத்து. போருக்கு முன் டிங்கியின் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை வார்ப்புகளில் இந்தக் கலப்படம் நிறைய. ஈயம் உலோக மணிகளின் இடுக்கில் தங்கும், ஈரம் அந்த இடுக்கு வழியாகவே உள்ளே இறங்கும், அரிப்பில் உண்டாகும் பொருளுக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் கார் உள்ளிருந்து வீங்கி வெடிக்குது. உங்க 0.8 மி.மீ. அந்த வீக்கம்தான். மேலே வார்னிஷ் அடித்தாலும் உள்ளே போன ஈரம் உள்ளேயேதான். சூப்பர் குளூவும் நிற்காது. உலோகம் இன்னும் விரியும்போது ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் பிளக்கும்.

வேகத்தைக் குறைக்கலாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இது வேகமா ஓடும். மாடியில் ஓட்டுக்கு அடியில் வைக்காதீங்க, கீழே நடு அறைதான் சரி. மூடி இறுகும் 5 லிட்டர் பாலிப்ரொப்பிலீன் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்ச 50 கிராம் நிறம் மாறும் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. 40-50 சதவீதத்தில் நிறுத்துங்க. ஐப்பசி, கார்த்திகையில் ஜெல் சீக்கிரம் நிறம் மாறும். 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும்.

இது தொற்றுநோய் இல்லை, பக்கத்துக் காருக்குப் பரவாது. உலோக அரிப்பையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கும் ஊரில் இந்தப் புரளி மட்டும் இன்னும் சாகலை!

கருப்புடயர்:
கோர்கிக்கு வருவோம். மெட்டாய் கம்பெனி கோர்கியை ஆரம்பித்ததே 1956-இல், பெஸ்ட் அதில் அபூர்வம். மென்மையான பிரஷ்ஷால் பொடியைத் தட்டிப் பாருங்க. அடியில் உலோகம் முழுசாக இருந்தால் வெறும் மேல் அரிப்பு. பிளைவுட் பசையும் நியூஸ்பேப்பரும் விடும் அமில ஆவி போதும், இப்படிப் பூக்கும். வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, காது பஞ்சுக் குச்சியால் துடைப்பு, பிறகு வெறும் வாலைவடிநீர். ஊறப்போட வேண்டாம். ஹேர் டிரையரில் குளிர் காற்று, ஒரு நாள் நிழல், கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசா.

ஜன்னலைக் கெடுத்தது பாச்சை உருண்டை. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் மாதிரி பிளாஸ்டிக்கை இளக்கும். பிசுபிசுப்பாக இருக்கும்போது துடைத்தால் கைரேகை பதிஞ்சுடும். காற்றோட்டத்தில் இரண்டு, மூன்று வாரம் விடுங்க, பிசுபிசுப்பு போகும். மங்கல் முழுசாகப் போகாது.

ஃபோக்ஸ்வேகன் கல்கத்தா சரக்கு, நிக்கி டாய்ஸ். டிங்கியின் பழைய அச்சுகள் அங்கே வந்து, பெயரை அழித்துவிட்டு வார்த்தாங்க. மட்டமான நகல்னு நினைத்துத் தூக்கிப் போடாதீங்க, இதைத் தேடுறவங்க உண்டு. கல்லான டயரை இழுக்காதீங்க, ஹப் விளிம்பு உடையும். பிளேடால் குறுக்கே வெட்டி எடுங்க. புதுசு 15 மி.மீ. வெளிவிட்டம், ஆனாலும் ஹப்பை அளந்து வாங்குங்க. சோப்புத் தண்ணி தொட்டு மரக்குச்சியால் சுருட்டி ஏற்றணும். எண்ணெய் ஆகாது, ரப்பர் உப்பிவிடும்.

அச்சுவார்ப்பு அண்ணன் பசையே கூடாதுங்கிறார். காட்சிக்கு மட்டும் என்றால், பேக்கார்டின் கூரைக்கு உள்பக்கம் மெதுவாக இறுகும் எபாக்சி பசை ஒரு கோடு போடலாம், துண்டுகள் சிதறாமல் நிற்கும்.

அச்சுவார்ப்பு:
போடலாம், ஆனால் அதற்குப் பிறகு ஹப்பையும் அடியில் இருக்கும் டின் தகட்டையும் கழற்ற முடியாது. நல்லா இருப்பது அவைதான். முதலில் அவற்றைக் கழற்றி வைங்க.

வளவுவாசல்:
வடிவத்தையாவது காப்பாற்ற சிலிகான் அச்சு எடுக்கலாமா அண்ணே?

அச்சுவார்ப்பு:
எடுக்கலாம், இப்பவே. விரிசல்களை மெழுகுக் களிமண்ணால் அடைத்துவிட்டு, அறை வெப்பத்தில் இறுகும் சிலிகான் மட்டும் ஊற்றுங்க. உரிக்கும்போது கொப்பளிச்ச பெயின்ட் கொஞ்சம் கூடவே வரும், அதற்குத் தயாரா இருங்க. ரெசினில் வார்த்ததும் அடியில் "நகல்"னு பொறிச்சிடுங்க. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் பக்கம் அடுத்த கார் வாங்கப் போனால் கேலிப்பரைப் பையில் போட்டுக்கிட்டுப் போங்க.