கட்டியை எடுத்தாச்சு, அப்புறம் ஏன் பேசவில்லை?

செந்தில்: எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் பேச முடியவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம். நேற்று காலை பத்தரை மணிக்குத் தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள். துணியில் வைத்துப் போட்டோ காட்டினார் டாக்டர், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், கருஞ்சிவப்பாகப் புழு மாதிரி. இதுவா ஆளைச் சாய்த்தது என்று இருந்தது. ஆனால் இன்று மதியம் வரை பேச்சு வரவில்லை, வலது கை அப்படியே கிடக்கிறது

அத்தை: அடைப்பை எடுத்தாச்சு என்றால் உடனே சரியாகிவிட வேண்டாமா? அண்ணனுக்கு உன்னை அடையாளம் தெரிந்ததா?

செந்தில்: தெரிந்தது அத்தை. கையைப் பிடித்தார், இடது கையால்

மாமா: ‘பக்கவாதம் வந்தால் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுங்கள், சில நிமிடங்களில் எழுந்துவிடுவார். அனைவருக்கும் பகிரவும்’
இது முன்னாடியே தெரிந்திருந்தால் மச்சானுக்குச் செய்திருக்கலாம்

நித்யா: மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது சுத்தப் பொய். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பு செல்கள் சாகும் என்று கணக்கு. பத்து விரலையும் குத்தி முடிப்பதற்குள் எவ்வளவு போயிருக்கும்?

மாமா: எனக்கு வந்தது, அனுப்பினேன்

நித்யா: அத்தை கேட்டதற்கு வருகிறேன். கட்டி அடைத்ததும் நடுவில் ஒரு பகுதி சீக்கிரமே செத்துவிடும், அது திரும்பாது. அதைச் சுற்றி ஒரு பகுதி பக்கத்துச் சின்னக் குழாய்கள் தரும் கொஞ்ச ரத்தத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும், வேலை செய்யாது, ஆனால் சாகவும் இல்லை. கட்டியை எடுப்பது அந்தப் பகுதியைக் காப்பாற்றத்தான். அது முழித்துக்கொள்ள நாள் ஆகும், வீக்கமும் வடிய வேண்டும். எங்கள் வார்டில் சிலர் மேஜையிலிருந்து இறங்கும்போதே கையைத் தூக்கியிருக்கிறார்கள், சிலருக்கு வாரக்கணக்கில் ஆனது. பெரியப்பாவுக்கு மூளையின் இடது பக்கம் அடைப்பு, வலது கையை இயக்குவது அந்தப் பக்கம், பேச்சும் பெரும்பாலும் அங்கேதான்

செந்தில்: என் மனதை அரிப்பது வேறு. ராத்திரி 11 மணிக்குப் படுத்தவர், காலை 6 மணிக்கு அம்மா பார்த்தபோது வாய் கோணியிருந்தது. எப்போது வந்தது என்றே தெரியாது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். நான் பக்கத்து அறையில்தான் தூங்கினேன்

நித்யா: அண்ணா, தூக்கத்தில் வருவதை யாரும் பார்க்க முடியாது. அந்த ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கட்டியை எடுப்பதற்கும் முன்பு 6 மணி நேரத்துக்குள் என்றுதான் பார்த்தார்கள். 2018-இல் வந்த டான் (DAWN) என்ற ஆய்வில் நல்லபடியாகக் கடைசியாகப் பார்த்து 6 முதல் 24 மணி நேரம் ஆனவர்களைச் சேர்த்தார்கள், பெரியப்பா மாதிரி தூங்கி எழும்போது வந்தவர்கள் அதில் நிறைய. ஸ்கேனில் செத்த பகுதி சின்னதாக இருப்பவர்களுக்கு மட்டும். 90 நாள் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர்கள், கட்டி எடுத்தவர்களில் 49 சதவீதம், எடுக்காதவர்களில் 13

அத்தை: பாதிப் பேர்தானா

நித்யா: ஆமாம் அத்தை, பாதிதான், மறைக்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அந்த ஆய்வில் இறந்தவர்கள் கணக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்று, எடுத்தவர்களில் 19 சதவீதம், எடுக்காதவர்களில் 18. பெரிய வித்தியாசம் எதில் என்றால், பிழைத்தவர் படுக்கையில் கிடக்கிறாரா, எழுந்து நடக்கிறாரா என்பதில். 90 நாள் என்று சொன்னேனே, மூன்றாவது நாளே யாரும் மார்க் போடுவதில்லை

மாமா: அப்போ இப்போதைக்கு என்ன செய்ய வேண்டும்? சும்மா பார்த்துக்கொண்டே இருப்பதா?

நித்யா: முதலில் தண்ணீர். விழுங்குகிறாரா என்று அவர்கள் சோதித்துச் சொல்லும் வரை பாசத்தில் யாரும் வாயில் ஊற்றிவிடாதீர்கள், நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும்

செந்தில்: அம்மா நேற்று சாயங்காலம் ஒரு ஸ்பூன் எடுத்துப் போனாள். நர்ஸ் பிடுங்கினார். எனக்கு அப்போது அந்த நர்ஸ் மேல்தான் கோபம் 😔

நித்யா: நல்ல வேளை. அப்புறம் சத்தமாகப் பேசாதீர்கள், அவருக்குக் காது கேட்கும். வார்த்தைதான் சிக்குகிறது. ஆமாம், இல்லை என்று தலையாட்டிச் சொல்கிற மாதிரி கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். ஏன் திடீரென்று வந்தது என்றும் கேளுங்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் அங்கே கட்டி உருவாகி மேலே போவது உண்டு, அதற்குத் தனி மாத்திரை

அத்தை: நான் வந்து பார்க்கலாமா?

செந்தில்: ஐந்து மணிக்கு ஒருவரை விடுவார்கள் அத்தை. அழுதுவிடக் கூடாது, சொல்லிவிட்டேன். இப்போதுதான் ஒன்று கவனித்தேன், போர்வையை இழுக்கும்போது வலது கட்டைவிரல் லேசாக அசைந்தது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ

நித்யா: எதற்கும் நர்ஸிடம் சொல்லிவிடு அண்ணா, அவர்கள் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள்

மாமா: அந்த ஊசி மெசேஜை எல்லாருக்கும் அழிக்க முடியவில்லை, என் போனில் மட்டும்தான் போகிறது

நித்யா: நான் அட்மின்தானே, அழித்துவிட்டேன் மாமா. வேறு எந்தக் குழுவில் எல்லாம் போட்டீர்கள்?

மாமா: மூன்றில்